மேலே வந்ததும் மூச்சை விடுங்கள்

டீச்சரிடம் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எனக்கு வயது 38. பாம்பன் பக்கம் கடலோர ஊர். பதினைந்து வயதிலிருந்து தென்கடலில் கடற்பாசி எடுக்கிறேன். எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். பாசி எடுத்துவிட்டுக் கரை ஏறினால் ஈரத் துணி மாற்ற எங்களுக்கு மறைவான இடம் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ஓலை வைத்து ஒரு மறைப்புக் கட்டியிருந்தோம், கச்சான் காற்றில் அதுவும் போய்விட்டது. கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். பேச வேண்டியவள் நான். மே 1 கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்ததும் கை நடுங்கியது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் தெருவிளக்கைப் பற்றிப் பேசினாள். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு நான் போகவே இல்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். அடுத்தது அக்டோபர் 2. முந்நூறு பேர் இருப்பார்கள் டீச்சர். கடலுக்குள் போக எனக்குப் பயமே இல்லை, இதற்கு மட்டும் ஏன் இப்படி? இந்தத் தடவை வேறு யாரையாவது பேசச் சொல்லட்டுமா?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. நீங்களே பேசுங்கள்.

வேறொருவர் எழுந்தால், "பெண்களுக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். உப்புத் தண்ணீரில் ஊறின சேலை உடம்பிலேயே காய்ந்தால் தொடையை எப்படி அறுக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கிப் பகல் ஒரு மணிக்குக் கரை ஏறுகிறவள், இடையில் ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே போகிறாள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் கடற்கரைப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த எனக்கு அது தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் பாசிக்குப் போகிறவர்கள்.

முதலில் உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். நூறு கண்கள் ஒரே நேரத்தில் நம் பக்கம் திரும்பினால், உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்து ரத்தத்தைக் கை கால் தசைகளுக்கு அனுப்புகிறது, ஓடவோ எதிர்க்கவோ உங்களைத் தயார் செய்கிறது. அந்த நேரத்தில் எச்சில் குறைந்துவிடும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது அதனால்தான். கை நடுக்கமும் அதே வேகத்தால் வருவது. நீங்கள் கோழை என்பதற்கு இது அடையாளமே கிடையாது.

கடலில் பயம் இல்லை என்கிறீர்கள். பதினைந்து வயதில், முதல் நாளும் பயம் இல்லையா? அம்மாவோ சித்தியோ கையைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தியிருப்பார்கள். மறுநாள் கழுத்தளவு. அப்புறம் ஆளுயரத்தில் முங்கிப் பாறையைத் தொட்டுவிட்டு வந்திருப்பீர்கள். பயம் போன பிறகு கடலில் இறங்கியவர் யாரும் இல்லை, இறங்க இறங்கத்தான் அது போனது. மே 1 அன்று மைக்கைக் கைமாற்றிவிட்டு உட்கார்ந்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்திருக்குமே? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அது ருசி கண்டதால்தான் ஆகஸ்ட் 15 அன்று உங்களை வீட்டோடு உட்கார வைத்தது.

எனக்கு இது நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவில் நாலு வரி பேசிவிட்டு, ஐந்தாவது வரி வராமல் மேடையை விட்டு இறங்கினேன். அதற்கப்புறம் டீச்சர் வேலைக்கு வந்த பிறகும் மேடை என்றால் ஒதுங்கிவிடுவேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயமே இல்லை. ஆனால் கடைசி பெஞ்சில் இன்னொரு ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் என் குரல் பாதியாகிவிடும். பெற்றோர் கூட்டம் என்றால் அன்று எனக்கு வேறு வேலை இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது, ஞாபகம் இருக்கலாம், நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ராத்திரி வகுப்பு. ஊர் ஊராகக் கலைக்குழு போய் நாடகம் போடும், நாடகத்துக்கு முன்னால் ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். சாயல்குடிப் பக்கம் கடலோரமாகப் பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு ராத்திரி. யார் பேசுவது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். ஒரு மேடைக்கே ஓடுகிறவள் பன்னிரண்டுக்கு எப்படிக் கை தூக்கினேன் என்று என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கேட்டார். எங்கள் அம்மா கைநாட்டு. எங்கே போய் ரேகை வைத்தாலும், கட்டை விரல் மையைச் சேலைத் தலைப்பின் உட்பக்கமாகத் துடைப்பார். வெளியே கறை தெரியாது. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் தனியாக சோப்புப் போட்டுக் கசக்குவார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கேட்டதும் அந்தத் தலைப்புதான் கண் முன்னால் வந்தது, கை தானாகத் தூக்கிக்கொண்டது.

முதல் ஊர் மூக்கையூர்ப் பக்கம். கரையில் வள்ளங்களை ஏற்றிப் போட்டிருந்தார்கள். இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அந்த இரைச்சலும் அலைச் சத்தமும் சேர்ந்து காதை அடைத்தது. நாலு பக்கம் எழுதி, ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்து நின்றேன். முதல் வரி வரவில்லை. இரண்டாவது வரியைத் தேடினேன், அதுவும் இல்லை. கையில் ஒரு சாக்பீஸ் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, குனிந்து பார்த்தபோது அது உள்ளங்கையில் ஈர மாவாகக் கிடந்தது. முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சத்தம் போட்டார்: "ஏத்தா, அங்கிட்டு நின்னு யாருக்குச் சொல்லப் போற? இங்கிட்டு வா, கிட்ட வந்து சொல்லு."

போனேன். அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தேன். நாலு பக்கத்தில் இல்லாத ஒன்று வாயில் வந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பைச் சொன்னேன். மூன்று நிமிடம் பேசியிருப்பேன், அவ்வளவுதான். முடித்தபோது அந்தப் பாட்டி தன் கட்டை விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இரண்டாம் ராத்திரி இன்னும் மோசம், சாப்பிட்டது நிற்கவில்லை. ஐந்தாம் ராத்திரி பஸ்ஸில் போகும்போதே பயம் வந்தது, ஆனால் பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. பன்னிரண்டாவது ஊரில், அடுத்து எந்த ஊர் என்று நானே கேட்டேன். இன்றைக்கும் மைக் முன்னால் நின்றால் எனக்கு வாய் உலரும். வாய் உலர்ந்தாலும் பேசலாம் என்பதுதான் அந்தப் பன்னிரண்டு ராத்திரியில் நான் படித்த பாடம்.

உங்கள் ஊர்ப் பக்கமே இன்னொரு சாட்சி இருக்கிறது. குந்துக்காலில் விவேகானந்தர் நினைவிடம் பார்த்திருப்பீர்கள். அவரைச் சிகாகோவுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் நம் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். அங்கே 1893 செப்டம்பர் 11 அன்று, தம் முறை வந்தபோதெல்லாம் விவேகானந்தர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சு படபடத்தது, நாக்கு கிட்டத்தட்ட வறண்டே விட்டது, காலையில் பேசத் துணியவில்லை என்று சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்கு அவரே கடிதம் எழுதினார். மற்றவர்கள் எல்லாம் எழுதித் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள், தம்மிடம் ஒன்றும் இல்லை என்றும் அதில் சொல்கிறார். பிற்பகலில்தான் எழுந்தார். மூன்று வருடத்துக்கு மேல் கழிந்து, 1897 ஜனவரி 26 அன்று, இலங்கையிலிருந்து வந்து இந்திய மண்ணில் அவர் கால் வைத்த இடம் குந்துக்கால். மே 1 அன்று உங்கள் நாக்கு ஒட்டிக்கொண்டதை நினைத்து வெட்கப்படாதீர்கள். அவருக்கும் அதே நாக்குத்தான்.

சரி, அக்டோபர் 2-க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முதலில் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுங்கள். இதுவரை உட்கார்ந்தே பேசியிருப்பீர்கள். நிற்பதே ஒரு பழக்கம். அடுத்த வாரம் பக்கத்துக் குழுவுக்குப் போய் இதே விஷயத்தை அவர்களிடம் சொல்லுங்கள், ஆதரவும் கேட்ட மாதிரி ஆச்சு. பிள்ளைகளின் பள்ளியில் கூட்டம் நடந்தால் ஒரு கேள்வியாவது எழுந்து கேளுங்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர் என்றால் பூசையில் ஒரு நாள் பைபிள் வாசகம் வாசிக்கக் கேளுங்கள். எழுதி வைத்ததை வாசிப்பதுதான், ஆனால் மைக்கில் உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வருவது பழகிவிடும். கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த இடத்துக்குப் போய், ஆள் இல்லாதபோது ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

பேச்சை முழுதாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தால் ஒரு கண்ணி அறுந்ததும் சங்கிலி முழுதும் போய்விடும், எனக்குப் போனது அப்படித்தான். முதல் வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். மீதிக்கு ஒரு சிட்டையில் மூன்று வார்த்தை: துணி, தண்ணீர், தீர்மானம்.

கையில் பொருள் எடுத்துக்கொண்டு போங்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றும் துணிக் கீற்றையும், காலில் கட்டும் தகரத் தட்டையும். புதிது வேண்டாம், இப்போது கட்டுகிறதையே கொண்டு போங்கள், உப்புப் பூத்து, ஓரம் மழுங்கி இருக்குமே, அதை. எழுந்ததும் தூக்கிக் காட்டுங்கள். "இது நான் கடலுக்குள் போகும்போது விரலில் சுற்றுகிற துணி." இதையே முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம். முந்நூறு பேரின் கண்களும் உங்கள் முகத்தை விட்டுத் துணிக்குப் போய்விடும், உங்கள் கண்ணும் அங்கேதான் இருக்கும். பாசி எடை போடும் இடத்தில் தராசு சரியில்லை என்றால் இருபது பேர் நடுவில் நின்று "திருப்பிப் போடு" என்று சத்தம் போட மாட்டீர்களா? அப்போது யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தீர்களா? கண் தராசு முள்ளில் இருந்தது. அதே குரல்தான் இங்கேயும் வேண்டும்.

அப்புறம் மூச்சு. இதில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை, நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது. முங்கி மேலே வந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? உள்ளே இருக்கிற காற்றை விடுகிறீர்கள். மைக் கைக்கு வரும்போது நீங்கள் முங்கினது போல மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள், விட மறந்துவிடுகிறீர்கள். எழுந்து நின்றதும், வாய் திறக்கும் முன், காற்றை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு தடவை. மூச்சை நீட்டி விடும்போது இதயத்தின் வேகம் தணியும், உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மைக்கை ஊதிப் பார்க்காதீர்கள், தட்டாதீர்கள். வாயிலிருந்து ஒரு உள்ளங்கை தூரம் போதும். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே நின்றால் அது கூவும், அதன் பின்பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். கை நடுங்கினால் மைக்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், பொருளைக் கூட வருகிறவரிடம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நடுக்கம் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். பேசுகிறவர் தம் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறாரோ, கேட்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது என்று 2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் ஆய்வு செய்து எழுதினார்கள். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்களாம். அதனால்தான் உங்களுக்கும் முன்கூட்டியே சொல்கிறேன். நடுவில் அழுகை வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு தொடருங்கள். வார்த்தை நின்றுபோனால் சிட்டையைப் பாருங்கள், கடைசியாகச் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லுங்கள். அடுத்தது தானாக வரும்.

அந்த முந்நூறைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிராம சபைக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்று ஒரு கணக்கு (கோரம்) உண்டு. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேரிலிருந்து 300 பேர் வரை வந்திருந்தால்தான் சபை செல்லும். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சி என்றால் 300. நீங்கள் பயப்படுகிற அந்த எண்தான் நீங்கள் கேட்பதற்குச் சட்டப்படி வலு தருகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். யார் தயவிலும் நீங்கள் பேசப் போகவில்லை. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே குழுவின் லெட்டர்பேடில் மனு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். பேச்சின் கடைசி வரி வேண்டுகோளாக முடியக்கூடாது. "துணி மாற்றும் அறையும் கழிப்பறையும் கட்டத் தீர்மானம் போட வேண்டும், இப்போதே புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். வாசிக்கும் வரை உட்காராதீர்கள். உங்கள் குழுவில் பத்துப் பேர் முன்வரிசையில் இருக்கட்டும், எனக்கு அந்தப் பாட்டி இருந்த மாதிரி.

உங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. உங்கள் தொழிலை உலகம் கேட்கத் தயாராக இருக்கிறது, ஊர் கேட்காதா?

அக்டோபர் 2 முடிந்ததும் எழுதுங்கள். தீர்மான எண்ணையும் சேர்த்து.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினார் என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படபடப்பை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் போதும் என்கிறான் நண்பன். போடலாமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: நண்பன் பேச்சைக் கேட்டுப் போடாதீர்கள் தம்பி. அவர் சொல்வது புரோப்ரனலாலாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் கொடுக்கிற மருந்து அது. மேடை நடுக்கத்துக்கும் சில டாக்டர்கள் எழுதித் தருவது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், நாடித் துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. உங்களுக்கு என்ன இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படபடப்பை அடக்க மல்லுக்கட்டுவதைவிட, "பேச ஆவலாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது இரண்டுக்கும் ஒன்றுதானே, பெயரை மாற்றிச் சொல்கிறோம். செய்து பாருங்கள், காசு செலவில்லை. இன்னொன்று, செமினார் பட்டியலில் முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு முறைக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம்தான் ஆளைக் கொல்லும்.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. திக்குவாய். பேச்சுப் போட்டியில் சேர்த்துவிட்டால் பயம் தெளிந்து சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சேர்க்கட்டுமா?
– ஒரு தகப்பன், தொண்டி

பதில்: அவளைக் கேட்டீர்களா? அவளாக ஆசைப்பட்டால் சேருங்கள், வேண்டாம் என்றால் தள்ளாதீர்கள். திக்குவது பயத்தால் வருகிற நோய் கிடையாது. பயந்தால் அதிகமாகும், அவ்வளவுதான். பாம்பன் தங்கச்சிக்குச் சொன்னதை இந்தப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அந்தச் சவாலை அவர் தானே எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு நாம் எடுத்துக் கொடுக்க முடியாது.

இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம். அவள் திக்கும்போது "மெதுவாச் சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" என்று இடையில் சொல்லாதீர்கள், அவள் தேடுகிற வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். வார்த்தை வருகிற வாயைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டில் பள்ளிக்கூடக் கதையை அவள் சொல்ல ஆரம்பித்தால், டிவியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் சோறு ஆறினால் ஆறட்டும்.